கடப்பாப் பலகையிலிருந்து கன்சோல் டேபிள் வரை

பதிவு நீளமாகத்தான் இருக்கும். டீச்சர் சுருக்கமாகப் பேசி நீங்கள் யாரும் பார்த்ததில்லை. வேலை இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை படித்துக்கொள்ளுங்கள்.

பாகலூர் ரோட்டில் என் மகன் ஒரு ஃபிளாட் வாங்கியிருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். நானும் இனி அங்கேதான். மத்திகிரி வீட்டை விற்றாகிவிட்டது. ஃபிளாட்டுக்கு உள் அலங்காரம் செய்ய பெங்களூரிலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல பெண். லேப்டாப்பைத் திறந்து வீட்டைச் சுற்றிக் காட்டினாள். கதவைத் திறந்தவுடன் எதிரே தெரிகிற சுவரில் ஒல்லியாக ஒரு மேசை. "இது எண்ட்ரி கன்சோல் ஆன்ட்டி. வீட்டுக்குள்ள வர்றவங்க முதல்ல பாக்குறது இதைத்தான்" என்றாள். மேசைக்கு மேலே வட்டக் கண்ணாடி. மேசைமேல் ஒரு விளக்கு, காய்ந்த நாணல் பூ வைத்த ஜாடி, யாரும் படிக்கப் போகாத மூன்று புத்தகங்கள், ஒரு புத்தர் தலை.

"இவர் படம் எங்கம்மா வரும்?" என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் 2019இல் காலமானார். மத்திகிரி வீட்டு ஹாலில் கடப்பாப் பலகைமேல்தான் அவர் படம் இருந்தது. பக்கத்தில் அவருடைய 25 வருஷ சர்வீசுக்குக் கம்பெனி கொடுத்த மேசைக் கடிகாரம். அந்தப் பெண் என் மகனைப் பார்த்தாள். என் மகன் தரையைப் பார்த்தான். "அம்மா, அதெல்லாம் உன் ரூமுக்குள்ள வச்சுக்கலாம்" என்றான்.

எனக்குக் கோபம் வந்தது என்று சொல்ல மாட்டேன். வந்தது. ஆனால் கோபம் வந்தால் எதையாவது எடுத்துப் படிக்கிற பழக்கம் எனக்கு. இந்தக் கன்சோல் என்பது எங்கிருந்து வந்தது என்று பத்து நாள் தேடிப் படித்தேன். கூடவே என் பாட்டி வீடு, நான் வாடகைக்கு இருந்த வீடுகள், கணக்கெடுப்புக்குப் போய்ப் பார்த்த வீடுகள் எல்லாம் நினைவுக்கு வந்தன. இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

கன்சோல் பிரெஞ்சுச் சொல். முதலில் அது மேசையின் பெயரே அல்ல. கட்டடத்தில் மாடியையோ விளிம்பையோ தாங்குவதற்குச் சுவரிலிருந்து வளைந்து நீட்டிக்கொண்டிருக்கும் தாங்கிக்குப் பெயர் கன்சோல். நம் கோயில் மண்டபங்களில் தூணுக்கு மேலே போதிகை நீட்டிக்கொண்டு நிற்குமே, வேலை ஏறக்குறைய அதுதான். 17ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 18ஆம் நூற்றாண்டிலும் பிரான்சின் அரண்மனைகளில் இந்தத் தாங்கிகளின் மேல் ஒரு சலவைக்கல் பலகையை வைத்துச் சுவரோடு பொருத்தினார்கள். முன்பக்கம் மட்டும் கால் இருக்கும், அல்லது அதுவும் இருக்காது. பின்பக்கத்தைச் சுவர் தாங்கும். சுவரிலிருந்து பிரித்தால் விழுந்துவிடும். ஆக, கன்சோல் டேபிள் என்றால் தன் காலில் நிற்க முடியாத மேசை என்று பொருள். இதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அதை வைத்த இடமும் அழகுக்காக மட்டும் தேர்ந்ததல்ல. இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே இருக்கும் சுவர்த்துண்டு பகலில் கூட இருட்டாகத்தான் தெரியும். வெளிச்சம் இரு பக்கமும் இருக்க, நடுவில் நிழல். அங்கே ஒரு கண்ணாடியை மாட்டி, கீழே கன்சோலை வைத்து, அதன்மேல் மெழுகுவத்தி ஏற்றினால் ஒரு வத்தி இரண்டாகத் தெரியும். வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபம் 1684இல் முடிந்தது. 357 கண்ணாடிகள். இந்த வித்தையைத்தான் பெரிய அளவில் அங்கே செய்தார்கள். 14ஆம் லூயி அந்த அரண்மனையில் வெள்ளியில் செய்த மேசைகளைக் கூட வைத்திருந்தான். 1689இல் போருக்குப் பணம் போதாமல் அந்த வெள்ளியை எல்லாம் உருக்கி நாணயமாக்கிவிட்டான். மகள் கல்யாணத்துக்குக் குத்துவிளக்கை அடகு வைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அரசன் வீட்டிலும் அதேதான் போலிருக்கிறது.

இன்னொரு செய்தி. அந்தக் காலத்தில் நல்ல கண்ணாடி வெனிஸ் நகரத்திலிருந்துதான் வரவேண்டும். அந்தச் செலவைத் தடுக்க 1665இல் பிரான்சில் அரசு ஆதரவோடு ஒரு கண்ணாடித் தொழிற்சாலை தொடங்கினார்கள். அதுதான் செயின்ட் கோபேன். அதே நிறுவனம் இன்று நம் ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி செய்கிறது. என் மகன் ஃபிளாட்டில் மாட்டப்போகிற வட்டக் கண்ணாடி எங்கே செய்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வம்சத்துக் கண்ணாடி ஓசூர்க் கடைகளில் கிடைக்கிறது.

இப்போது காவேரிப்பட்டணத்துக்கு வாருங்கள். என் பாட்டி வீடு. மண் சுவர், நாட்டு ஓடு. சுவர் ஒரு முழத்துக்கு மேல் கனம். கதவைத் தாண்டி உள்ளே வந்ததும் இடது கைப் பக்கம் சுவரிலேயே குடைந்த விளக்கு மாடம். மேலே கூம்பாக, கீழே தட்டையாக இருக்கும். பாட்டி வெள்ளிக்கிழமை காலையில் அதன் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவார். எதற்கு இவ்வளவு சிரத்தை என்று நினைப்பேன். அகல் விளக்கைத் திறந்த இடத்தில் வைத்தால் காற்றில் அணையும். மாடத்தில் வைத்தால் மூன்று பக்கமும் சுவர் காக்கும். வெள்ளைச் சுண்ணாம்பு வெளிச்சத்தைத் திருப்பி அனுப்பும். வெர்சாயில் கண்ணாடி செய்த வேலையை எங்கள் வீட்டில் சுண்ணாம்பு செய்தது. ஒரு வித்தியாசம், கண்ணாடியில் புகைக்கரி தெரியாமல் துடைத்துவிடலாம். மாடத்தின் மேல்கூம்பில் இருந்த கரி மட்டும் எத்தனை சுண்ணாம்பு அடித்தாலும் திரும்ப வந்துவிடும்.

மாடத்தில் விளக்கு மட்டுமா இருந்தது? விபூதிச் சம்புடம், தீப்பெட்டி, தாத்தாவின் மூக்குக்கண்ணாடி, ரேஷன் கார்டு, எனக்குத் தெரியாமல் பாட்டி ஒளித்த வெல்லம். வீட்டில் எதைக் காணவில்லை என்றாலும் முதலில் மாடத்தில் கைவிட்டுப் பார்ப்போம்.

நான் ஓசூர்ப் பக்கம் வேலைக்கு வந்தது 1982இல். கெலமங்கலத்துக்கு அருகே ஒரு கிராமத்துப் பள்ளி. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் வீட்டில் தெலுங்கு, கால்வாசி கன்னடம், மீதி தமிழ். "மாடம்" என்று பாடத்தில் வந்தது. யாருக்கும் புரியவில்லை. நான் பலகையில் படம் போட்டதும் ஒரு பையன் எழுந்து, "டீச்சர், கூடு!" என்றான். தெலுங்கிலும் கன்னடத்திலும் சுவர் மாடத்துக்குக் கூடு என்றுதான் பெயர். நமக்குக் கூடு என்றால் பறவைக் கூடு. அவர்களுக்கு அது விளக்குக்கும் கூடு. அன்றிலிருந்து எனக்கு மாடம் என்ற சொல்லைவிட அதுதான் பிடித்துப்போனது. அந்தப் பையன் இப்போது லாரி வைத்திருக்கிறான், இந்தப் பதிவையும் படிப்பான்.

நான் வந்த நேரம் ஓசூர் மாறிக்கொண்டிருந்த நேரம். 1970களில் சிப்காட் வந்தது. பெங்களூர் 40 கிலோமீட்டர்தான். அன்றைய தர்மபுரி மாவட்டம் தொழிலில் பின்தங்கிய மாவட்டம் என்பதால் சலுகைகள் இருந்தன. 1980இல் அசோக் லேலண்ட் ஆலை வந்தது. அதே வருஷம் டிவிஎஸ் 50 மொபெட் இங்கிருந்து ஓடத் தொடங்கியது. 1984இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனைத் தொடங்கின. சுற்றுவட்டாரப் பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்துக் கடிகாரம் பூட்ட வைத்தார்கள். மண் வீட்டிலிருந்து ஷிப்டு பஸ் ஏறிப் போன அந்தப் பிள்ளைகள் ஐந்தாறு வருஷத்தில் செங்கல் வீடு கட்டினார்கள்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. செங்கல் சுவர் 9 அங்குலம். உள் சுவர் நாலரை அங்குலம். அதில் மாடம் குடைய முடியாது. குடைந்தால் அந்தப் பக்கத்து அறை தெரியும்! அதனால் மாடத்தில் இருந்த பொருள்கள் எல்லாம் சுவருக்குள்ளிருந்து சுவருக்கு முன்னால் வந்து நின்றன. அவற்றைத் தாங்க ஒன்று வேண்டும். அதற்குத்தான் கடப்பாக் கல். ஆந்திராவின் கடப்பாவிலிருந்து வரும் கறுப்புச் சுண்ணாம்புப் பாறை. பலகை பலகையாகப் பிளக்கும். விலை குறைவு. கரையான் அரிக்காது. மேஸ்திரி சுவர் எழுப்பும்போதே ஒரு முனையைச் செங்கலுக்கு நடுவே செருகிவிடுவார். மத்திகிரியில் 1989இல் வீடு கட்டியபோது, ஹாலில் வாசலுக்கு எதிரே ஒரு பலகை வேண்டும் என்று என் வீட்டுக்காரர்தான் கேட்டார். நாலு அடி நீளம், ஓர் அடி அகலம். கீழே இரண்டு கல் தாங்கி. பி.எஃப். கடனில் கட்டிய வீடு. மற்ற எல்லாவற்றிலும் மிச்சம் பிடித்தவர் அந்தப் பலகையை மட்டும் ரசக்கல் வைத்து மட்டம் பார்த்தார்.

சுவரில் பதித்த கல் பலகை, கீழே தாங்கி, தன் காலில் நிற்காது. பிரெஞ்சுக்காரன் சொன்ன கன்சோல் இதுதானே? முதலில் சிரித்தது இதற்காகத்தான். முப்பது வருஷம் எங்கள் ஹாலில் கன்சோல் வைத்துக்கொண்டு, அது என்னவென்று பெங்களூர்ப் பெண்ணிடம் பாடம் கேட்டிருக்கிறேன்.

அதற்கும் முன்னால் ஒன்று இருந்தது, அதைச் சொல்லாமல் விட்டால் என் அப்பா கோபித்துக்கொள்வார். ரேடியோ ஸ்டாண்டு. வால்வு ரேடியோ காலத்தில் சுவரில் இரண்டு மரத் தாங்கி அடித்து, மேலே பலகை வைத்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் ரேடியோவை வைப்பார்கள். எங்கள் வீட்டில் மர்ஃபி ரேடியோ. அம்மா குரோஷாவில் பின்னிய உறை. அப்போதெல்லாம் ரேடியோவுக்கு லைசென்ஸ் உண்டு. வருஷா வருஷம் தபால் ஆபீசில் பணம் கட்ட வேண்டும். 1980களில்தான் அது ஒழிந்தது. அந்த லைசென்ஸ் புத்தகமும் ரேடியோவின் அடியிலேயே இருக்கும். சாயங்காலம் இலங்கை வானொலி, எல்லைப் பக்கம் வந்த பிறகு பெங்களூர் ஆகாசவாணி. ஆகாசவாணி என்ற பெயரே மைசூரில் 1935இல் கோபாலசாமி என்ற பேராசிரியர் தொடங்கிய நிலையத்தின் பெயர்தான். அதையே பின்னால் இந்தியா முழுமைக்கும் வைத்துக்கொண்டார்கள்.

1991, 2001, 2011 மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கும் நான் போயிருக்கிறேன். ஆசிரியர்களைத்தான் அனுப்புவார்கள், வெயிலில் நடக்க வேறு யார் இருக்கிறார்கள்? 2001 கணக்கெடுப்புக்கான வீட்டுப் பட்டியலில் ரேடியோ உண்டா, டிவி உண்டா, சைக்கிள் உண்டா என்று கேட்க வேண்டும். கேட்க வேண்டியதே இல்லை. ஹாலில் அந்த ஒரு பலகையைப் பார்த்தாலே போதும். மூக்கண்டப்பள்ளிப் பக்கம் வரிசை வீடுகளில், பத்துக்குப் பத்து அறையில் கூட, கதவுக்கு எதிரே ஒரு பலகை இருந்தது. அதில் டிரான்சிஸ்டர், சாமி படம், கம்பெனியில் சேஃப்டி வாரத்துக்குக் கொடுத்த எவர்சில்வர் டம்ளர், பிள்ளை ஓட்டப்பந்தயத்தில் வாங்கிய கப், சன்னபட்டணத்து மரப் பொம்மை, பிளாஸ்டிக் ரோஜா. மதுரைக்காரர் வீட்டிலும் பீகார்க்காரர் வீட்டிலும் ஏறக்குறைய இதே வரிசை. ஊரை விட்டு வந்தவர்கள் தாங்கள் யார் என்று சொல்லிக்கொள்ள அந்த நாலு அடிதான் இடம்.

பிளாஸ்டிக் ரோஜாவைப் பற்றி ஒரு வார்த்தை. காதலர் தினத்துக்கு உலகத்துக்கே ரோஜா அனுப்புகிற ஊர் நம்முடையது. தாஜ்மகால் என்ற சிவப்பு ரோஜா பசுமைக் குடிலிலிருந்து குளிர்பெட்டியில் விமானம் ஏறுகிறது. அதைப் பறிக்கப் போகிற பெண்கள் வீட்டுப் பலகையில் பிளாஸ்டிக் ரோஜா. நானும் அதைத்தான் வைத்திருந்தேன், மாதம் ஒருமுறை சர்ஃப் தண்ணீரில் முக்கி எடுப்பேன். குறை சொல்லவில்லை.

சன்னபட்டணத்துப் பொம்மை பெங்களூர் மைசூர் சாலையில் இருக்கும் ஊரில் செய்வது. வெட்பாலை மரத்தைக் கடைசல் பிடித்து, சுற்றும்போதே அரக்குச் சாயத்தை அழுத்த, அந்தச் சூட்டில் அது உருகி ஒட்டிக்கொள்ளும். திப்பு சுல்தான் காலத்துக் கலை என்று சொல்வார்கள். புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. அலங்காரத்துக்கு என்ன வாங்கலாம் என்று கேட்கிற மாணவிகளுக்குச் சொல்கிறேன்: புத்தர் தலையை விடுங்கள், இதை வாங்குங்கள். வெளிநாட்டுக்காரர்களுக்கு நம் கிருஷ்ணகிரியின் பாரடைசோ கிரானைட் தெரிகிறது. ஊதாவும் சாம்பலும் அலை அலையாக ஓடும் கல். நம் வீட்டு மேசைக்கு நாம் இத்தாலி மார்பிள் மாதிரியில் மைக்கா ஒட்டுகிறோம். நம் காடுகளைக் கெடுக்கும் உண்ணிச்செடி இருக்கிறதே, லண்டானா, அதன் தண்டை வேகவைத்து வளைத்து மலை மாதேஸ்வர மலையில் சோலிகர் மக்கள் நாற்காலியும் மேசையும் செய்கிறார்கள். பெங்களூரில் உள்ள ஏட்ரீ என்ற ஆய்வு நிறுவனம் சொல்லிக்கொடுத்தது. பிரம்பு போலவே இருக்கும்.

அழகாக அடுக்குவது எப்படி என்று அந்தப் பெண் எனக்கு விதிகள் சொன்னாள். ஒற்றைப்படையில் வையுங்கள். உயரமானதைப் பின்னால், குட்டையானதை முன்னால். கொஞ்சம் இடம் காலியாக விடுங்கள். கண்ணாடியின் அகலம் மேசையில் மூன்றில் இரண்டு பங்கு. மேசை உயரம் இரண்டரை அடியிலிருந்து மூன்று அடிக்குள், அகலம் ஓர் அடி இருந்தால் நடக்க இடிக்காது. எல்லாம் சரியான பேச்சு. ஆனால் இதை நவராத்திரிக்கு என் பக்கத்து வீட்டம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். கொலுப்படி மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படையில்தான். பெரிய பொம்மை மேலே பின்னால். அவர்கள் கன்னடம் பேசுகிறவர்கள், பொம்மை ஹப்பா என்பார்கள். கல்யாணத்தில் அம்மா வீட்டில் கொடுத்த ராஜா ராணி மரப்பொம்மை, பட்டத பொம்பே, முதல் படியில் உட்கார்ந்த பிறகுதான் மற்றவை. நம் மரப்பாச்சியேதான். ஒன்பது நாள் முடிந்ததும் எல்லாம் பெட்டிக்குள் போகும். அந்த ராஜா ராணி மட்டும் வருஷம் முழுக்கக் கடப்பாப் பலகையில் நின்ற வீடுகளும் உண்டு.

பிறகு டிவி வந்தது. ஞாயிறு காலை ராமாயணம், 1987 ஜனவரியிலிருந்து. டிவியின் பின்பக்கம் ஒன்றரை அடிக்கு நீண்டிருக்கும். ஓர் அடிப் பலகையில் நிற்காது. அதற்காகத்தான் ஷோகேஸ் வந்தது. ஒரு சுவர் முழுக்கத் தேக்கு மாதிரி ஒட்டிய பிளைவுட், நடுவில் டிவிக்குப் பெரிய குழி, சுற்றிலும் கண்ணாடிக் கதவு போட்ட தட்டுகள். பொம்மைகளும் கப்புகளும் அந்தக் கண்ணாடிக்குள் போய்ப் பூட்டிக்கொண்டன. எனக்கு ஷோகேசைப் பிடித்ததே இல்லை. தொட முடியாத இடத்தில் பொருள் எதற்கு? 2006க்குப் பிறகு அரசு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சியை இலவசமாகக் கொடுத்தபோது, தளிப் பக்கத்து மண் வீடுகளில் கூட அதை வைக்க ஓர் இடம் தேடினார்கள். விளக்கு மாடத்துக்குக் கீழே ஸ்டூல் போட்டு வைத்த வீட்டையும் 2011 கணக்கெடுப்பில் பார்த்தேன். மேலே அகல், கீழே டிவி.

அதற்குப் பின் டிவி தட்டையாகிச் சுவரில் ஏறிவிட்டது. ஷோகேசுக்கு வேலை போய்விட்டது. இப்போது கட்டும் அடுக்குமாடிகளில் சுவர் முழுக்கக் காங்கிரீட்டை அச்சில் ஊற்றி எழுப்புகிறார்கள். அதில் ஆணி அடிக்கவே டிரில்லர்காரரைக் கூப்பிட வேண்டும். மாடம் குடைவதும் பலகை செருகுவதும் நடக்காத காரியம். சுவர் மெலிய மெலிய, சுவருக்குள் இருந்தது முன்னால் வந்து, கடைசியில் நாலு காலோடு தரையில் இறங்கிவிட்டது. அதற்குப் பேர்தான் நம் ஃபிளாட்டுகளின் கன்சோல் டேபிள். பேர் மட்டும் பழையது, சுவரோடு இருந்த சம்பந்தம் போய்விட்டது.

ஆனால் அதன் வேலை போகவில்லை. ஏற்கெனவே கன்சோல் வைத்திருக்கும் என் தங்கை மகள் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன். முதல் மாதம் படத்தில் வருவது போல இருந்ததாம். நான் போனபோது வண்டிச் சாவி இரண்டு, கயிறோடு கம்பெனி ஐடி கார்டு இரண்டு, கரண்டு பில், பிள்ளையின் இருமல் மருந்து. நாணல் பூ ஜாடி மூலைக்குத் தள்ளப்பட்டிருந்தது. ஆறு மணி ஷிப்டுக்குப் பஸ் பிடிக்க ஓடுகிறவன் ஐடி கார்டை எங்கே வைப்பான்? கதவுக்குப் பக்கத்தில்தான் வைப்பான். பாட்டி மாடத்தில் ரேஷன் கார்டு இருந்தது, இங்கே ஐடி கார்டு.

இனி படத்துக்கு வருகிறேன். இறந்தவர் படத்தை வாசலுக்கு எதிரே வைக்கக்கூடாது என்று என் மருமகள் அம்மா சொன்னார்களாம். மருமகள் தயங்கித் தயங்கித்தான் சொன்னாள். "நான் நம்பலை அத்தை, ஆனா அம்மா வரும்போதெல்லாம் சொல்லிக்கிட்டே இருப்பாங்க." நல்ல பிள்ளை, அவளைக் குறை சொல்ல மாட்டேன். ஒன்று மட்டும் சொன்னேன். நம் மாவட்டத்தில் மல்லசந்திரத்துக்கு உங்களில் பலரைச் சுற்றுலா கூட்டிப்போயிருக்கிறேன், நினைவிருக்கிறதா? பாறைமேல் வரிசையாகக் கற்திட்டைகள். நிறுத்தி வைத்த பலகைக் கற்கள்மேல் ஒரு மூடுகல். பெருங்கற்காலத்து மக்கள் இறந்தவர்களுக்காகச் செய்தது. ஐரோப்பாவில் இதே அமைப்புக்கு டோல்மென் என்று பேர். பிரான்சின் பிரெத்தோன் மொழியில் கல் மேசை என்று அர்த்தம். நாலு பேர் தண்ணீர் பாட்டிலை அதன்மேல் வைக்கப் போய் என்னிடம் திட்டு வாங்கினீர்கள். நம் பக்கம் ஊர் ஊராக நடுகற்கள் நிற்கின்றன. கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்திலும் வரிசையாக வைத்திருக்கிறார்கள். மாட்டைக் காக்கப் போய்ச் செத்தவனுக்குக் கல். அதை எங்கே நட்டார்கள்? வீட்டுக்குள் ஒளித்து வைக்கவில்லை. எல்லோரும் பார்க்கிற இடத்தில் நட்டார்கள்.

மருமகள் பதில் சொல்லவில்லை. மறுநாள் மகன் வந்து, "மத்திகிரி வீட்டை இடிக்க வெள்ளிக்கிழமை ஆள் வர்றாங்கம்மா. அந்தக் கடப்பாவை எடுத்துக்கலாமா?" என்றான். எனக்கே தோன்றாத யோசனை. அவன் அப்பாவின் பிள்ளைதான்.

வெள்ளிக்கிழமை நான் போய் நின்றேன். பார்த்து எடுங்கள் என்று மூன்று முறை சொன்னேன். இடித்தவர்கள் கடப்பாரையை ஒரு பக்கமாகக் கொடுத்து நெம்பினார்கள். முப்பது கிலோ கல். டப்பென்று இரண்டாக உடைந்தது. நான் அங்கேயே திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் மட்டம் பார்த்த கல். மகன் இரண்டு துண்டையும் டேப் வைத்து அளந்தான். பெரிய துண்டு இரண்டே முக்கால் அடி.

அலங்காரப் பெண்ணுக்குப் படம் அனுப்பினான். திட்டுவாள் என்று நினைத்தேன். வந்து பார்த்தாள், உடைந்த முனையைத் தடவினாள், "இதை வெட்ட வேண்டாம் ஆன்ட்டி, இப்படியே விடலாம்" என்றாள். சிப்காட்டில் வெல்டிங் கடை வைத்திருக்கும் என் பழைய மாணவன் இரண்டு இரும்புத் தாங்கி செய்து கொடுத்தான், காசு வாங்க மாட்டேன் என்றான், வாங்க வைத்தேன். காங்கிரீட் சுவரில் ஆங்கர் போல்ட் அடித்து இரண்டடி எட்டு அங்குல உயரத்தில் பொருத்தினார்கள். கால் இல்லை. கறுப்புக் கல்லில் எண்ணெய் தேய்த்ததும் பளபளவென்று வந்துவிட்டது. வட்டக் கண்ணாடியும் மேலே வந்தது. அது எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது, வாசல் பக்கத்து வெளிச்சத்தை உள்ளே தள்ளுகிறது.

இப்போது அதன்மேல் என்ன இருக்கிறது என்றால், இடது ஓரம் ஒரு பித்தளை அகல். அடுத்து அவருடைய கடிகாரம், 7.20இல் நிற்கிறது, மிஷின் மாற்ற வேண்டும். சன்னபட்டணத்துப் பொம்மை ஒன்று. சாவி போட ஒரு மண் கிண்ணம். அவர் படம் அதில் இல்லை. பக்கத்துச் சுவரில், கதவைத் திறந்ததும் நேரே தெரியாமல், நாலு அடி உள்ளே வந்தால் தெரிகிற மாதிரி மாட்டியிருக்கிறோம். மருமகளும் நானும் சேர்ந்து பார்த்த இடம். சம்பந்தியம்மா வந்தார்கள், பார்த்தார்கள், ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு முழுத் திருப்தி என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் காலையில் பூ வைக்கப் போகும்போது கண்ணாடியில் அந்தப் படத்தின் ஓரம் தெரிகிறது.

போன வாரம் அலங்காரப் பெண் முடித்த வேலையைப் படம் எடுக்க வந்தாள். பலகைமேல் என் பிரஷர் மாத்திரை டப்பாவும் பேத்தியின் ஸ்கூல் ஐடி கார்டும் இருந்தன. "ஒரு நிமிஷம் ஆன்ட்டி" என்று இரண்டையும் எடுத்துச் சோபாவில் வைத்துவிட்டுப் பத்துப் பதினைந்து படம் எடுத்தாள். முடித்ததும் மாத்திரை டப்பாவையும் ஐடி கார்டையும் இருந்த இடத்தில் தானே திரும்ப வைத்துவிட்டுப் போனாள்.

உடைந்த சின்னத் துண்டு பால்கனியில் இருக்கிறது. ஒன்றேகால் அடி. துளசித்தொட்டிக்குக் கீழே போட்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலோ ஊரிலோ மாடமோ, கூடோ, ரேடியோ ஸ்டாண்டோ, கடப்பாப் பலகையோ இன்னும் மிச்சமிருந்தால் ஒரு படம் எடுத்துக் கீழே போடுங்கள். மேலே இருக்கும் பொருளை ஒதுக்காமல் எடுக்கவும்.